முனிரத்தினம் சட்டையில் எகிப்து நட்சத்திரம்

"சார், நைனா போய்ட்டாரு" என்று முனிரத்தினத்தின் மகள் செல்வி போனில் சொன்னபோது புத்தூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பையை அங்கேயே போட்டுவிட்டு நகரி பஸ் பிடித்தேன். டிரில் மாஸ்டர் முனிரத்தினம் இல்லை என்பதை இன்னும் மனசு ஏற்கவில்லை.

நம் பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அந்த நட்சத்திரம் நினைவிருக்கும். குடியரசு தினத்தன்று வெள்ளைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவாரே, ஐந்து முனை வெண்கல மெடல். அவருடைய கொள்ளுத்தாத்தா மதராஸ் பட்டாளத்தில் பாதை வெட்டும் படையில் சேர்ந்து, 1882இல் எகிப்துச் சண்டைக்குக் கப்பலேறியவர். துருக்கி சுல்தானுக்கு அடங்கி எகிப்தை ஆண்ட மன்னர், தனக்காகச் சண்டை போட வந்த பட்டாளத்துக்கு, வெள்ளைக்காரர், நம்மவர் என்று பாராமல் கொடுத்தது அது. ஒரு காணி நிலம்கூட இல்லாத வீட்டில் அது ஒன்றுதான் சொத்து.

அதைப் போய் நான் போலி என்றேன். சமூகப் பாடம் நடத்துகிறவன் என்ற திமிர். "பிறையும் நட்சத்திரமும் இருக்குதே, பட்டாளத்து மெடல்ல இதெல்லாம் ஏது? ஏதோ தர்கா கடையில வாங்கினது" என்று ஆசிரியர் அறையில் சிரித்தேன். பேச்சு அவருடைய ஊருக்குள் போனது. கொள்ளுத்தாத்தா அதை வெள்ளைக்காரன் பங்களாவில் திருடினார் என்று மேல்சாதிக்காரர்களின் பெரிய தெருவில் ஒரு பழைய வம்பு உண்டு, அதுவும் கிளம்பிவிட்டது.

முனிரத்தினம் நேரே என்னிடம் வந்தார். "கூலிக்காரன் பேரன்னு சொல்லுங்க சார், தலையாட்றேன். திருடன் பேரன்னு சொல்லிக்கினு திரியறானுங்க. ஆரம்பிச்சது நீங்க."

அப்புறம்தான் புத்தகங்களைப் புரட்டினேன். பிறை அந்த மெடலுக்கு உரியதேதான். ஆனால் அதில் பேர் பொறிக்கவில்லை. கூடவே ஆங்கிலேயர் கொடுத்த வெள்ளி மெடலின் விளிம்பில்தான் வீரன் பேர் இருக்கும். அது எங்கே என்றேன். "அத்த உருக்கிக் கொலுசு பண்ட்டாங்க சார். இத்த ஆசாரி வேணான்ட்டான், தப்பிச்சுது" என்று சிரித்தார்.

என் தப்புக்குப் பரிகாரமாக அவரைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம், மெடலின் பின்பக்கம் கொள்ளுத்தாத்தா பேரை வெட்டச் சொன்னேன். மெஷின் தொடுவதற்குள் முனிரத்தினம் பிடுங்கிக்கொண்டார். "குடுத்தவனே வெட்டல. நாம வெட்டினா பொய்சாட்சி ஆயிடும். உங்க வாயால கெட்டுது சார், உங்க வாயாலயே சரி பண்ணுங்க." எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த குடியரசு தினம். ஊரே பள்ளி மைதானத்தில் கூடியிருந்தது. அந்த மெடல் அசல், நம் பட்டாளத்தாருக்கும் கொடுத்ததுதான், நான் சொன்னது தப்பு என்று மைக்கில் சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கப் போனவனை முனிரத்தினம் மறித்தார்.

"மைக் ஆன் பண்ணல சார். எங்க ஜனம் கடைசி லைன்ல நிக்குது. இன்னொரு தபா சொல்லுங்க."

அவரே சுவிட்சைப் போட்டார். சொன்னேன். கடைசி வரிசையில் விசில் பறந்தது.

அப்படிப்பட்ட மனிதரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தேன் என்று மார்தட்டிச் சொல்வேன். மெடல் செல்வியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம்: தப்பை ஒத்துக்கொண்டால், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.