கொத்தனார் கால்

திண்டிவனத்தில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவன் நான். எலும்பை நான் ஒட்டுவதில்லை, டாக்டரும் ஒட்டுவதில்லை. அதுவே ஒட்டிக்கொள்ளும், அதுவரை ஆளை ஆடாமல் வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. கட்டோடு படுத்துக்கிடந்த வாசகர்களே, அது என்ன பாடு என்று உங்கள் வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.

புது நோயாளி

கண்டமங்கலம் ஏழுமலை, கொத்தனார். பாண்டிக்கு வேலைக்குப் போகையில் பைக்கிலிருந்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. விலகவில்லை. அசையாமல் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம், கோணலாக ஒட்டினால் சாரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

தொடையிலிருந்து கட்டினேன். “உள்ளே ரத்தம் உறையும். அது இளசாய்த் திரண்டு, மெல்லக் கெட்டிப்பட்டு எலும்பாகும். மாசக்கணக்காகும்” என்றேன்.

ஏழுமலை கேட்டார்: “கலவையில கெமிக்கல் ஊத்துனா ஜல்தியா இறுகிடுது சார். இதுக்கு ஒண்ணும் இல்லியா?”

இரும்பைப் பாப்பா

அடுத்து வந்தது இரும்பை கிராமத்து எல்.கே.ஜி. பாப்பா. பெஞ்சிலிருந்து குதித்ததில் அதே எலும்பு. குழந்தை எலும்பு சீக்கிரம் கூடிவிடும், கூடியது. எக்ஸ்ரே படத்தில் லேசான வளைவு. அப்பாக்காரர் அழுதேவிட்டார். வளர்கிற எலும்பு தானே நிமிர்ந்துகொள்ளும் என்று சொல்லி அனுப்பினேன்.

செக்கப்புக்கு வந்த ஏழுமலை பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

“எனக்குப் பின்னால வந்த பாப்பாவுக்கு முன்னாலயே கட்டுப் பிரிக்கிறீங்க. யாரு சிபாரிசு?”

ஆக்ஸா பிளேடு

கொஞ்ச நாளில் ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் கட்டு இல்லை. அவர் கட்டுகிற வீட்டுக்கு அன்று தளம் கான்கிரீட்டாம். கம்பி அறுக்கிற ஆக்ஸா பிளேடால் தானே கட்டை அறுத்துப் போட்டுவிட்டு, போய் நின்றிருக்கிறார். கால் பூசணிக்காய். எலும்பு நகர்ந்திருந்தது.

“யோவ், தளம் போட்ட மறுநாளே அடியில முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரின்னு வீட்டுக்காரன் சொன்னா பிரிப்பியா?” என்றேன்.

“பூச்சுக் கரண்டியாலயே ஒண்ணு போடுவேன் சார்!”

பக்கத்தில் நின்ற சம்சாரம் செல்வி சொன்னது: “அந்தக் கரண்டிய நான் எடுத்துக்கினு வந்திருக்கணும்.”

டாக்டர் இழுத்து நேராக்கினார். மறுபடி கட்டினேன். இன்னொரு தரம் நகர்ந்தால் அறுத்துத் தகடு வைக்க வேண்டும் என்றதும் ஆள் அடங்கினார்.

படம் பார்த்தார்

ஒருவழியாக ஒட்டியது. நேராகவே ஒட்டியது. எக்ஸ்ரேயில் முறிந்த இடம் மட்டும் புடைத்திருந்தது. ஒட்டும்போது எலும்பு அப்படித்தான் தாராளமாகப் போடும். பிறகு வேண்டாததை அதுவே கரைத்து மட்டமாக்கும், ஒரு வருஷமோ இரண்டோ. ஏழுமலை படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஜாயிண்ட்ல கலவை பிதுங்கிக்கினு நிக்குது. மட்டம் தட்டாம வுட்டுட்டீங்களே?”

நடக்கச் சொன்னோம்

கட்டைப் பிரித்து, நட என்றோம். பாரம் ஏறினால்தான் எலும்புக்குத் தெம்பு. சும்மா வைத்தால் இளைத்துப்போகும். அறுத்துக்கொண்டு ஓடிய ஆள், இப்போது எலும்பு மறுபடி நகர்ந்துவிடும் என்று பயந்து, தரையில் கால் வைக்கமாட்டேன் என்றார். வாக்கரைத் தள்ளிவிட்டார். டாக்டர் சொன்னார், நான் கத்தினேன். நடக்கவில்லை.

செல்வி சாவகாசமாகச் சொன்னார்: “ஒட்டாத கால்ல ஓடுனே. ஒட்டுன கால வெச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருய்யா. அந்த வீட்டுக்கு வேற கொத்தனாரு வந்து பூச்சு ஆரம்பிச்சிட்டாரு.”

“யாரு? அவனுக்கு மூலைமட்டமே வெக்கத் தெரியாதே!”

வாக்கரைப் பிடித்து எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பிக் கேட்டார்: “பைக் சாவி எங்கடி?”

எலும்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறது. அதோடு ஓர் ஆளையும் சேர்த்து அனுப்பிவைக்கிறார்களே, அங்கேதான் பேஜாரு.