ஐ.சி.யு. வாசலில் அமெரிக்கக் கதைக்காரர்

என் மனைவிக்கு இதய வால்வு மாற்றினார்கள். காலையில் அறுவை முடிந்தது, சாயங்காலத்துக்குள் கண் விழித்துவிடுவாள் என்றார்கள். சாயங்காலம் போய், இரவு போய், மறுநாள் மதியமும் ஆயிற்று. அவள் விழிக்கவில்லை. "ஒரு சிலருக்கு மயக்கம் தெளிய நேரமாகும். தானா முழிக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அந்தத் 'தானா'வைக் கொதிக்கிற டம்ளர் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே வைக்க இடமில்லை.

எழுந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பச்சைத் திரைதான் தெரியும். திரும்ப வந்து உட்காருவேன். மறுபடி எழுவேன். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்கு என் வயதிருக்கும். மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்று பேச்சில் தெரிந்தது. என் நடையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்.

"வாத்தியாரே, பயப்படறதுக்குன்னே தனியா பெஞ்சு போட்டு வெச்சிருக்கு. அங்க போய் ஒக்காந்து பயப்படு. கதவுகிட்ட நின்னு பயந்தா எனக்கும் ஒட்டிக்குது."

எப்பேர்ப்பட்ட பேச்சு! வேறு நாளாக இருந்தால் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் ஊரின் சாரம் பகுதியில் ஒரு இரும்புக்கடையில் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறேன். எனக்குப் பாடம் நடத்தியவர்கள் கடைக்கு வருகிற ஜனங்களும், காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் கிலோக்கணக்கில் கிடைத்த பழைய புத்தகங்களும்தான்.

அன்றைக்கும் பையில் ஒரு நாவல் இருந்தது. அமெரிக்கக் கதைக்காரர் ஒருவருடையது, தமிழில் யாரோ பெயர்த்தது. அட்டை கிழிந்துபோயிருந்தது. பலமுறை படித்ததுதான். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று வெளியே எடுத்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நெட்டப்பாக்கம் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். அவருடைய தம்பியும் உள்ளே இருந்தான். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி.

"இன்னா அண்ணே அது, சாமி பொஸ்தகமா?"

"இல்லம்மா, கதை. அமெரிக்காக்காரரு எழுதுனது."

"அமெரிக்காவுல இன்னா கதை? கப்பலு, துப்பாக்கியா?"

"அதெல்லாம் இல்ல. ஊட்டுக்குக் கூரை போடறவரு, பள்ளிக்கூடத்துல சோறாக்குற அம்மா, இந்த மாதிரி ஜனங்கதான்."

"அங்கயும் சோறாக்குறவங்க இருக்காங்களா!" என்றார். உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

என் வாய்க்கு அது போதும். பேசினால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று ஆரம்பித்தேன். அந்தக் கதைக்காரருடைய அப்பாவும் இரும்புக்கடைக்காரர் என்று முன்னுரையில் போட்டிருக்கிறது. நான் அவரோடு உறவு கொண்டாடுவதே அதனால்தான். கல்லூரிக்குப் போனார், பிடிக்கவில்லை, திரும்பி வந்து ஆணி நிறுத்துப் போட்டார். வருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தார். விடிகாலையில், கடை திறக்கும் முன் எழுதினார். எழுதி அனுப்பியதையெல்லாம், இதில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று பதிப்பகத்தார் திருப்பி அனுப்பினார்கள்.

"ஒண்ணும் நடக்காம இருந்தா எவ்ளோ நல்லது" என்றார் அந்த அம்மா, ஐ.சி.யு. கதவைப் பார்த்துக்கொண்டே.

செக்யூரிட்டி நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். "யோவ், கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன். பாதி எனக்குக் கேக்கல."

சொன்னேன். கூரை போடுகிறவன் மழையில் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுவதை நடித்தே காட்டினேன். அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார்:

"சரி, இவரு எழுதினே இருந்தா கடைய யாரு பாக்கறது?"

"அவரு சம்சாரம்."

"அப்டிச் சொல்லுங்க."

"கடைய மட்டும் இல்லம்மா. இவரு எழுதுனத ராத்திரி அந்தம்மாகிட்ட படிச்சுக் காட்டுவாராம். நம்ம ஊர்ல யாரு இப்படிப் பேசறாங்கன்னு அந்தம்மா கேட்டா, அந்தத் தாளு அடுப்புக்குப் போயிடும். அந்தம்மா ஒத்துக்கிட்டாத்தான் நாவல். அப்படி இருக்கும்போதுதான் அந்தம்மாவுக்கு நெஞ்சுல கோளாறு. பெரிய ஊர் ஆசுபத்திரியில சேத்து, ஆபரேசன் பண்ணி..."

அங்கேதான் எனக்கு உறைத்தது. மனப்பாடமான பாதையில் வண்டி தானாக ஓடிக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அது. அடுத்த வரி எனக்குத் தெரியும். கதைக்காரரின் சம்சாரம் கண் விழிக்கவே இல்லை.

நிறுத்திவிட்டேன். உள்ளே ஏதோ இயந்திரம் பீப் பீப் என்றது. யாருடையது என்று தெரியவில்லை.

"அப்புறம்?" என்றார் செக்யூரிட்டி.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்."

"ஒக்காருங்க அண்ணே" என்றார் அந்த அம்மா. குரலில் சிரிப்பு போயிருந்தது. "பாதியில உட்டுட்டுப் போவக் கூடாது. எங்கூரு கோயில்ல கதை படிக்கிறவரு சாவு கட்டத்துல பொஸ்தகத்த மூட மாட்டாரு. மழை வந்தாலும் சரி, கரண்டு போனாலும் சரி. பட்டாபிசேகம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் எழுந்திருப்பாரு. நடுவுல நிறுத்தினா சொன்னவங்க, கேட்டவங்க ஊட்டுக்கு ஆவாதுன்னுவாங்க. சொன்ன உங்க ஊட்டு ஆளும், கேட்ட எங்க ஊட்டு ஆளும் உள்ள கெடக்குது."

இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். சகுனம் பார்க்கிற வாடிக்கையாளர்களைக் கேலி பேசியே பழகியவன். ஆனால் அந்த நேரத்தில் 'செத்துப்போனாள்' என்கிற சொல் என் நாக்கில் ஏற மறுத்தது. சொன்னால் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்றே தோன்றியது. ஒரு தாண்டு தாண்டினேன்.

"அப்புறம் அவரு ஊருக்குத் திரும்பி வந்து, கடையில ஒக்காந்து, இந்த நாவல எழுதுனாரு. இதுதான் அவரு எழுதுனதுலயே நல்லா ஓடுச்சு."

"நடுவுல ஒண்ண உட்டுட்டீங்களே. அந்தம்மா?"

செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"போயிட்டாங்கம்மா" என்றேன்.

"நீங்க நிறுத்துன எடத்துலயே தெரிஞ்சிடுச்சி" என்றார் அவர் சாதாரணமாக. "ஊர் ஒலகத்துல நடக்கறதுதான். சரி, அதோட நிக்காதீங்க. பட்டாபிசேகத்துக்கு வாங்க."

முன்னுரையைப் புரட்டினேன். அவசரம் தாங்கவில்லை. அவர் வயதானது, கடையை விற்றது, கண் மங்கியது, கடைசியில் அவரும் காலமானது. எழுதியவரின் வாழ்க்கையைச் சொல்கிற எந்த முன்னுரையும் ஆளைச் சாகடிக்காமல் விடுவதில்லை. அதில் பட்டாபிஷேகத்துக்கு எங்கே போவேன்?

"அவரு கதையில இல்லன்னா, அவரு எழுதுன கதையில பாரேன்யா" என்றார் செக்யூரிட்டி. "அவரு பெத்ததுதான அதுவும்."

நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். சம்சாரம் போன பிறகு அந்த மனிதர் எழுதிய பக்கங்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வாசித்தேன். பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த மூன்றாம் வாரம். அவள் புருஷன், அந்தக் கூரைக்காரன், சமைக்கிறான். உப்பு கூடிப்போகிறது. அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகத்தைச் சுளித்து, தண்ணீர் கேட்கிறாள். திட்டுகிறாள். அவன் சிரிக்கிறான். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை.

"சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க."

"திட்டுனாங்களா?"

"நல்லாவே."

"போதும். மூடுங்க." அவர் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குத் தெரிந்து ஒரு அமெரிக்க நாவலுக்கு அந்த மரியாதை அன்றைக்குத்தான் கிடைத்திருக்கும்.

நர்ஸ் உடனே வந்து கூப்பிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டீக்காரர் வந்து போனார். விசிட்டர் நேரம் முடிந்து மேல்மாடி ஜனம் எல்லாம் இறங்கிப் போயிற்று. மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். விளக்குகளைப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. கூப்பிட்டது என்னை.

உள்ளே அவள் வாயில் குழாய் இருந்தது. கண் மூடியேதான் கிடந்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, கைய அழுத்தச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். கூப்பிட்டேன். கையைப் பிடித்து "அழுத்து" என்றேன். ஒன்றுமில்லை. மறுபடி சொன்னேன். விரல்கள் என் விரலை அழுத்தின. பூனைக்குட்டி மிதித்த அளவுதான். பிறகு இமை திறந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்து, புருவத்தைச் சுருக்கினாள். சட்டையில் டீ கொட்டியிருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

வெளியே வந்தபோது இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"முழிச்சிட்டா" என்றேன்.

"போய் மூஞ்சக் கழுவுய்யா" என்றார் செக்யூரிட்டி, தன் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு கதவைப் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"இப்ப எந்தம்பிக்கு ஒண்ணு எடுங்க அண்ணே. ஏணி இல்லாத கதையா பாருங்க."

கூரை போடுகிறவனின் கதையில் ஏணி இல்லாத பக்கத்துக்கு எங்கே போவது? உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே போனேன். அந்த அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.