துரையின் தட்டில் மீந்த கறி

"சமையல்காரன்தான் கொலைகாரன்" என்று எழுத்தாளர் சொன்னபோது, எங்கள் லாட்ஜில் சமைக்கிற செசிலியக்கா அவர் தட்டில் தோசை வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமையல்காரரின் மகள் செசிலியக்காதான் என்பது எழுத்தாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினேன்.

1. மெட்ராஸ் கெஸ்ட்

ஏற்காட்டில் லாட்ஜ் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஹனிமூன் ஜோடிகளால் தொல்லை இல்லை. எழுத்தாளர்களால்தான் தொல்லை. நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள், ரூமைக் கூட்ட விட மாட்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்து தங்கியிருந்த இவர் பழைய காலத்துக் கொலைகளை வைத்து நாவல் எழுதுகிறவர். அவர் கதைகளில் துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை. முன்பு நிஜமாகவே வாழ்ந்து மறைந்த ஓர் எழுத்தாளர்.

"அந்தப் பழைய எழுத்தாளர் ஒரு கோடைக்கு இங்க வந்து தங்கினது உண்மை. அப்போ இங்க ஒரு துரை செத்ததும் உண்மை. ரெண்டையும் முடிச்சுப் போடறதுதான் என் வேலை" என்றார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் நடந்த சாவு அது. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை, தனி ஆள். ராத்திரி கறிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. சமையல்காரர் அந்தோணியைப் போலீஸ் பிடித்துப் போனது, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. 'விஷம் வெச்ச அந்தோணி' என்று கடைசிவரை கூப்பிட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் டாக்ஸி டிரைவர்கள் அந்த பங்களாவைக் காட்டி, டூரிஸ்ட்டுகளிடம் இதே கதையை அவிழ்த்து விடுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2. டைனிங் ஹாலில்

கெஸ்ட் பேச்சில் ஸ்டாஃப் தலையிடக் கூடாது என்பது எங்கள் ஓனரின் சட்டம். "அக்கா, நீங்க கிச்சனுக்குப் போங்க" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"ஏனுங்க சார், அந்த அந்தோணி எங்கப்பாங்க."

எழுத்தாளர் கையை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டார். "அம்மா, மன்னிச்சுக்குங்க. இது வெறும் கதைதான். பேரை மாத்திடறேன்."

"பேரு கெடக்கட்டுமுங்க. உங்க கதையில துப்பறியறவரு நொம்ப கெட்டிக்காரருன்னு சொன்னீங்களே? அந்தக் கறிய வேற யாரு சாப்பிட்டாங்கன்னு அவரு ஏனுங்க கேக்கல?"

"துரை தனியாத்தானே இருந்தார்? வேற யார் சாப்பிடுவாங்க?"

"நானுங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்து அருகில் போனேன். அவரைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"துரை தட்டுல மீந்ததை அப்பா எலையில கட்டி ஊட்டுக்குக் கொண்டாருவாருங்க. அன்னிக்கும் கொண்டாந்தாரு. நானும் தம்பியும் வழிச்சுத் தின்னோம். அதுல விஷம் இருந்திருந்தா, இப்ப உங்களுக்குத் தோசை போட நான் இருப்பனுங்களா?"

"போலீஸ்ல இதைச் சொல்லலையா?"

"அம்மா சொல்லச் சொல்லி அழுதாங்க. அப்பா கேக்கல. 'எம்புள்ளைங்க எச்சில் தின்னு வளருதுன்னு ஊருக்குச் சொல்ல மாட்டேன். என்னையக் கொலைகாரன்னு வேணா சொல்லிட்டுப் போவட்டும்'னுட்டாரு. எங்ககிட்டயும் சத்தியம் வாங்கிப்போட்டாரு."

எத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாவி மனுஷி!

எழுத்தாளர் தயங்கினார். "உங்கப்பா மறைச்ச விஷயம்மா இது. எழுதட்டுமா?"

செசிலியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எழுதுங்க சார். பசிச்சது எங்க குத்தமில்லீங்களே. பேரையும் மாத்த வேண்டாம்."

3. ரிசப்ஷன் அலமாரி

ஓனருக்கு விஷயம் போய்விட்டது. "ஸ்டாஃபைப் பேசவிட்டு வேடிக்கை பாத்தியாக்கும்?" என்று எகிறினார். "ஆமாங்க" என்றேன். அன்றைக்குக் கற்றதைத்தான் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன்: கெஸ்ட் முன்னால் அடக்கமாக இருங்கள். ஆனால் உங்கள் வீட்டு மனிதர்மேல் பழி விழுந்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். மேனேஜர் திட்டினால் திட்டட்டும்.

பிறகு புத்தகம் வந்தது. செசிலியக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால், கடைசி அத்தியாயத்தை அவருக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். துப்பறியும் எழுத்தாளர் சமையல்காரரின் சின்ன மகளைக் கூப்பிட்டு, "நேத்து நீ என்ன சாப்பிட்டே, கண்ணு?" என்று கேட்கிறார். கொலையே நடக்கவில்லை, துரைக்கு மாரடைப்பு என்று கதை முடிகிறது.

ஆனால் சமையல்காரர் பெயர் 'சூசை' என்று இருந்தது. பதிப்பகத்தில் பயந்து மாற்றிவிட்டார்களாம்.

"அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்க தம்பி" என்றார் செசிலியக்கா. பில் போடுகிற பேனாவைக் கொடுத்தேன். கவுண்ட்டரிலேயே சாய்ந்து நின்று, அந்த அத்தியாயத்தில் சூசை வந்த இடத்தையெல்லாம் அடித்து, மேலே 'அந்தோணி' என்று எழுதினார். எழுதி முடித்துப் புத்தகத்தை ரிசப்ஷன் அலமாரியில் அவரே வைத்தார்.

"வர்றவங்க படிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று கிச்சனுக்குப் போனார்.