கீல் போடாத கம்பம் லைன்

இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் சொன்னது மூன்று மாத ஓய்வு. என் மகன் அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டான். தேனி பஜாரில் நாற்பது வருஷம் நான் நடத்திய ஹார்டுவேர் கடை, வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஐந்தாவது மாதம் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். மகன் பைக்கில் வந்து மறித்தான்.

"உள்ள போங்கப்பா. டாக்டர் என்ன சொன்னாக, மறந்துபோச்சா?"

தெருவே பார்த்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு வலிக்கவில்லை. அவமானம்தான் பிடுங்கித் தின்றது.

சமாதானத்துக்கோ என்னவோ, மறுவாரம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். குட்டி ரயில் செட். ஓர் என்ஜின், மூன்று பெட்டி, வளைவுத் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் தரையில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், அதில் விழுந்துவிட்டேன்.

பின்னறையைக் காலி செய்தேன். கடையிலிருந்து இரும்பு ஆங்கிள், கனமான ப்ளைவுட் வந்தன. சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் மேடை போட்டேன். கதவுக்கு வலப்பக்கம் மதுரை. அங்கிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் என்று மூன்று சுவரையும் சுற்றி, கதவுக்கு இடப்பக்கம் தேனி. தெர்மாகோலில் மலை. மனைவி வடிகட்டிப் போடும் டீத்தூளைக் காயவைத்தால் அச்சு அசல் செம்மண்.

அவள் கதவில் சாய்ந்து நின்று பார்ப்பாள். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"என்னங்க, நெசமான ரயிலு காலையில நம்ம ஊரு வழியாத்தான போடிக்குப் போகுது. ஒரு நாளு ஏறிப் போயிட்டு பஸ்ஸுல திரும்பிரலாமா? பத்து வருசத்துக்கு மேல அகல லைனாப் போடுறோம்னு மூடி வச்சிருந்தாக. ஓட ஆரம்பிச்சு இம்புட்டு நாளாச்சு, நான் இன்னும் ஏறல."

தேனியிலிருந்து போடி எவ்வளவு தூரம்? உட்கார்ந்து வேர்வையைத் துடைப்பதற்குள் வந்துவிடும். ஆனாலும் "அடுத்த வாரம்" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஸ்டேஷனுக்குப் பஜார் வழியாகப் போகவேண்டும். கடையில் என் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மதுரைக்கும் தேனிக்கும் நடுவில் கதவு இருந்ததால் ரயில் தேனி வரை போய்ப் பின்னாலேயே திரும்பவேண்டியிருந்தது. அது எனக்கு எரிச்சல். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பத்துக்கு ரயில் வரும் என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனு கொடுப்போம், ஓட்டுக் கேட்டு வருபவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், நாங்கள் மறுபடி மனு எழுதுவோம். மனைவிக்குப் பிறந்த வீடு சின்னமனூர். சரி, அரசாங்கம் போடாத லைனை நான் போடுகிறேன் என்று கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் பொருத்தினேன். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். தீக்குச்சி நட்டு, மேலே கொசுவலை விரித்துத் திராட்சைப் பந்தல். கம்பத்தைத் தாண்டினால் நேரே மதுரை. வரைபடத்தில் அப்படியொரு வழி கிடையாது. என் அறையில் உண்டு.

பலகையைத் திறந்து மூட ஒரு கீல் போட்டிருக்கலாம். கீல் போட்டால் தண்டவாளத்தில் இடைவெளி விழும், கம்பம் லைனில் ரயில் குலுங்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு போல்ட் போட்டு இறுக்கினேன். உள்ளே போகவும் வரவும் பலகைக்கு அடியில் தவழவேண்டும். முட்டி ஒத்துழைக்காது என்பதால் காலையில் நுழைந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவேன். காப்பி டம்ளர் திராட்சைத் தோட்டத்துக்கு மேலாக வரும்.

"ஆசையா எங்க ஊருக்கு லைன் போட்டீக, சந்தோசம்" என்றாள். "ஓடுற ரயில்ல கூட்டிட்டுப் போங்கன்னா, இல்லாத ரயிலுக்குப் பலகை அடிக்கிறீக."

சுருக்கென்றது. சிரித்துச் சமாளித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயில் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம். "என்னங்க" என்று குரல். "வர்றேன் வர்றேன்" என்றேன், என்ஜினிலிருந்து கண்ணை எடுக்காமல். அது வளைவில் தடம் புரளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி குரல் வந்தது, மெலிந்து.

"விழுந்துட்டேங்க. எந்திரிக்க முடியல."

குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பலகையைப் பிடித்து உலுக்கினேன். நான் இறுக்கியது, அசையுமா? ஸ்பேனர் கதவுக்கு அந்தப்பக்கம் ஷெல்ஃபில் பளபளவென்று தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. மகன் என்னை வீட்டில் பூட்டினான் என்று மாதக்கணக்கில் கரித்துக்கொட்டியவன், வீட்டுக்குள்ளே என்னை நானே பூட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் கீல் விற்றவன்.

கடைசியில் மல்லாக்கப் படுத்து ஊர்ந்தேன். போல்ட் முனையில் சட்டை மாட்டிக் கிழிந்தது. சமையலறைக்குப் போனபோது தண்ணீர் நடுவே கிடந்தாள், ஒரு கால் திரும்பியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சின்னமனூர் கேட்டைத் தொறக்க இம்புட்டு நேரமா?"

அந்த நிலையிலும் கேலி. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷனுக்கு ஆம்புலன்சில் மதுரைக்குப் போனோம். ஆண்டிபட்டி தாண்டி எங்கோ ஹார்ன் கேட்டது. படுத்திருந்தவளுக்கு ஜன்னல் எட்டவில்லை.

"ரயிலா?"

"ஆமா."



இப்போது வீட்டில் அடைந்து கிடப்பவள் அவள். எனக்கு டாக்டர் விடுதலை கொடுத்துவிட்டார், மகனே கடைக்கு வரச் சொல்கிறான். நான் போகவில்லை. ஒரு நாள் மட்டும் பஜார் வழியாக நடந்து ஸ்டேஷனுக்குப் போனேன். கடையைத் தாண்டும்போது மகன் என் நாற்காலியில்தான் இருந்தான். உட்கார்ந்துகொள்ளட்டும். போடி ரயில் வந்து நின்றதும் டேப்பை நீட்டிப் பெட்டியின் படியை அளந்தேன். பிளாட்பாரத்திலிருந்து இரண்டு படி. மேல்படிதான் உயரம்.

வீட்டுக்கு வந்து எட்டு போல்ட்டையும் கழற்றினேன். திராட்சைப் பந்தலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கம்பம் பலகையை இரண்டாக அறுத்து, ஆங்கிளில் பூட்டி அதே உயரத்தில் இரண்டு படி செய்தேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பிசியோதெரபி சொல்லித்தருகிற பெண் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "யானை ஏறினாலும் தாங்கும் போலயே" என்றாள். பதினைந்து நாளாக அதில்தான் பழகுகிறாள் மனைவி.

நேற்றுக் காலை முதல் படியில் ஏறி நின்றாள். மேல்படிக்குக் காலைத் தூக்கினாள், வலித்திருக்கவேண்டும், இறக்கிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரயில்வே கேட் பக்கம் ஹார்ன் கேட்டது.

"போடி வண்டி போகுது" என்றாள்.

"அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்கினாள்.