எட்டாவது குரல்

ஊரில் எல்லோரும் அவர் குரலைக் கேட்டிருக்கிறார்கள், யாரும் அவரைப் பார்த்ததில்லை. லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன, விலகி நில்லுங்கள்" என்று அதட்டுபவர் அவர்தான். வங்கிக்குப் போன் போட்டால் "சற்று நேரம் காத்திருக்கவும்" என்று முக்கால் மணி நேரம் சொல்லி, ஊரார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்பவரும் அவர்தான். பொம்மைப் படத்தில் தேன் திருடும் கரடியும் அவரே. இருபத்திரண்டு வருடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியும் ஓரிடத்திலும் பெயர் போட்டதில்லை. உறவுக்காரர்கள் இன்றைக்கும், "இப்ப எங்க வேலை பாக்குறீங்க?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று நிரந்தர வேலைக்கு ஆள் தேடியது. திறமையைக் காட்டும்படி ஒரு குரல் தொகுப்பு கேட்டார்கள். கரடி, கிழவர், வில்லன், செய்தி வாசிப்பவர் என்று ஏழு குரல்களை அடுக்கி அனுப்பினார். பதிவுக்குப் பொறுப்பான பெண் மறுநாளே கூப்பிட்டாள்.

"ஏழும் சுத்தமா இருக்கு சார். ஆனா எல்லாமே வேஷம். நிஜமா ஒரு மனுஷன் பேசுற மாதிரி ஒண்ணு இருந்தா சேர்த்து அனுப்புங்க. திங்கட்கிழமை முடிவு பண்ணிடுவோம்."

அப்படி ஒன்று அவரிடம் இருந்தது. அதுதான் சங்கடம்.

பதினான்கு மாதத்துக்கு முன், வெளிநாட்டில் இருந்த தம்பி சாலை விபத்தில் போய்விட்டான். அந்த வாரம் அப்பா இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தம்பி கூப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறும் அப்பா போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார். கண் மங்கியவர், யார் எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இவர் ஆளுயரத் துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டில் இவருடைய பதிவு அறையே அதுதான். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். உள்ளிருந்து தம்பியாகப் பேசினார். ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது அறுபது வாரம் ஆகிவிட்டது.

"சொல்லிடுங்க" என்பாள் மனைவி.

"அடுத்த வாரம்" என்பார் இவர்.

மனைவியிடமும் அவர் சொல்லாத ஒன்று உண்டு. இப்போதெல்லாம் அந்தக் குரல் அழைக்காமலே வந்தது. இவர் தும்மினால் தம்பி தும்மினான். "தூக்கத்துல உங்க தம்பி பேசுனாரு" என்று ஒருநாள் காலையில் அவளே வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அலமாரியில் தம்பியின் சட்டைகள் வேறு. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்தவற்றை அவள்தான் தோய்த்து மாட்டியிருந்தாள். இருட்டில் கை பட்டால் பக்கத்தில் ஆள் நிற்பது போலிருக்கும். பயம் என்று சொல்ல அவருக்கு வெட்கம். ஆனால் பயம்தான்.

ஞாயிறு காலை, தெரு அடங்கிக் கிடந்தபோது, அலமாரிக்குள் போய் எட்டாவது குரலைப் பதிவு செய்தார். வேலை வேண்டும் என்பது ஒரு பக்கம். தான் செய்ததிலேயே உருப்படியானதை வெளியாள் ஒருவராவது கேட்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். விமானத்தைத் தவறவிட்ட கதையைத் தம்பியாக ஒரு நிமிடம் சொன்னார். பிறகு மேஜைக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொகுப்பை முதலிலிருந்து ஓடவிட்டார்.

கதை முடிந்த இடத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூக்கால் இரண்டு முறை உறிஞ்சிவிட்டு வெடிக்கும் தம்பியின் சிரிப்பு. பதினான்கு மாதமாகத் தலைகீழாக நின்றும் இவருக்கு வராத சிரிப்பு அது. அப்படிச் சிரித்ததாக ஞாபகமே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் ஹெட்போனைக் கழற்றினார். சிரிப்பு நிற்கவில்லை. அறை முழுக்கக் கேட்டது.

மேஜை ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தார். பக்கத்து அறைக் கதவும் திறந்தே கிடந்தது.

"டேய், இங்க வா" என்றார் அப்பா.

போய்க் கட்டிலருகே நின்றார்.

"எட்டையும் கேட்டேன். கரடி பிரமாதம். வில்லன்தான் கொஞ்சம் ஓவர்."

"அப்பா..."

"கடைசியா வந்ததை எடுத்துடு. அது வெளிய போக வேண்டாம். எனக்கு மட்டும் இருக்கட்டும்."

"எப்பப்பா தெரிஞ்சுது?"

"முதல் வாரமே. 'மாத்திரை போட்டீங்களாப்பா'ன்னு கேட்டியே. அவன் என்னைக்குடா அதெல்லாம் கேட்டான்? தன் கதையை அளந்துட்டு டக்குனு வெச்சிடுவான்." அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எட்டாவதை அழித்துவிட்டு, இருக்கிற ஏழே போதும் என்று அந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்பினார். வேலை கிடைக்காது என்று தெரியும். மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இனி அந்த அலமாரிக்குள் போக வேண்டியதில்லை என்று நினைத்தபோதுதான், தம்பி செத்துப்போனான் என்பது அவருக்கு உறைத்தது. மனைவி தோளில் முகத்தை வைத்து, பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அழுதார்.

அப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. கையால் துழாவிப் போனை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மணி நாலாகப் போகுது. நீ உள்ள போடா, அவன் கூப்பிடுற நேரம்" என்றார். "மாத்திரையைப் பத்திக் கேக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லு."