விளக்கம் கேட்டோம், பதில் வரவில்லை

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் போன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொண்டு நிறுவனங்களையும், கோரிக்கை வைத்துத் தெருவில் இறங்குகிற சங்கங்களையும் துருவி ஆராய்ந்து அறிக்கை போடுவது அந்த ஆய்வு நிறுவனத்தின் வேலை. எந்தச் சங்கத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், எந்தப் பெயருக்குள் எந்தப் பெயர் ஒளிந்திருக்கிறது என்று படித்தவர்கள் சிலர் கணினி முன்னால் உட்கார்ந்து நோண்டிக்கொண்டே இருப்பார்கள். அறிக்கை அச்சுக்குப் போகும் முன், சம்பந்தப்பட்டவர்களை அழைத்து, உங்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதப்போகிறோம், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். திட்டு வாங்குகிற வேலை. அது அவள் தலையில் விழுந்தது.

தணிந்த குரல் அவளுக்கு. திட்டுகிறவர்கள் பாதியில் களைத்துப்போய்ப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்து இயக்குநர் மேசையில் வைப்பாள். அவள் அம்மாவுக்கு மட்டும் இந்த வேலை பிடிபடவே இல்லை.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேள்வி கேட்டு சம்பளம் வாங்குற. நான் சாப்பிட்டியான்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிற" என்பாள்.

வேலையில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. ஊரை ஏமாற்றுகிற சங்கங்கள் இல்லாமலா இருக்கின்றன? பிள்ளைகளே இல்லாத ஒரு காப்பகத்தின் தலைவர், எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்டதும் போனை வைத்துவிட்டு ஓடியே போனார். அந்த அறிக்கை வந்த அன்று அவளே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கைக்கு வந்ததுதான் 'ஒரே அறை, ஏழு சங்கங்கள்' என்ற அறிக்கை. ஏழு சங்கங்களுக்கும் ஒரே முகவரி, ஒரே போன் நம்பர். ஏழும் ஒரே கும்பலின் முகமூடிகள் என்று வட்டமும் கோடும் போட்டுப் படம் வரைந்திருந்தார்கள். அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த எண்ணுக்கு அழைத்தாள். அறைச் சாவியை வைத்திருக்கிற அம்மாள் எடுத்தாள். சாவியம்மா என்றே அங்கே அவளுக்குப் பெயராம்.

"ஒரே ரூம்தாம்மா, யாரு இல்லைன்னா? ஆளுக்கு ஒரு ரூம் புடிக்க எங்களுக்கு எங்க வசதி? கிழமை போட்டுப் பிரிச்சுக்கிட்டோம். திங்கக்கிழமை கண்ணு தெரியாதவங்க. இன்னிக்கு நாங்க, வாடகைக்குக் குடியிருக்கிறவங்க சங்கம். நாளைக்கு வீட்டு வேலை செய்யிறவங்க. வெள்ளிக்கிழமை காது கேக்காதவங்க வருவாங்க. அன்னிக்குத்தான் நல்ல கூட்டம், நிக்க இடம் இருக்காது."

"எல்லாருக்கும் ஒரே நம்பரா இருக்கேம்மா?"

"ஒரு ரூம்ல ஏழு போன் வச்சிருந்தா, அதையும்ல எழுதுவீங்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து கொடுத்தாள். அதோடு அந்த அறிக்கை குப்பைக்குப் போயிருக்கும் என்றே நினைத்தாள்.

போகவில்லை. முழுசாக வெளிவந்தது. நாளிதழ் ஒன்று அதை அப்படியே எடுத்து முதல் பக்கத்தில் போட்டது. கடைசி வரி: 'விளக்கம் கேட்டு இச்சங்கங்களைத் தொலைபேசியில் அழைத்தோம். யாரும் பதிலளிக்கவில்லை.'

அவள் அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் சாவியம்மாவே கூப்பிட்டுவிட்டாள்.

"அன்னிக்குப் பேசினது நீங்கதானேம்மா? கட்டட ஓனர் பேப்பரைப் பார்த்துட்டு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. பேப்பர்காரங்களைக் கேட்டா, அந்த ஆபீஸ்லேருந்து யாராவது தப்புன்னு சொன்னாத்தான் மறுப்பு போடுவோம்கிறாங்க. தன்மையா கேட்டீங்களேன்னு மனசு விட்டுப் பேசினேன். நீங்களுமா இப்படி?"

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் அந்த அறைக்குப் போனாள். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி. உள்ளே அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சாத்திவைத்திருந்த வெள்ளைக் கோல், ஒரு பழைய போன். இந்த அறைக்கா முகமூடிக் கும்பல் என்று பெயர்? படி இறங்கும்போது அவளுக்குக் காது மடல்கள் கொதித்தன.

அலுவலகம் திரும்பியதும் இயக்குநரின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"சார், அவங்க பதில் சொன்னாங்க. உங்க மேசையில வச்சேன்."

"படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க."

"அப்புறம் எப்படி யாரும் பதில் சொல்லலைன்னு போட்டீங்க?"

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நானே இன்னொரு தடவை கூப்பிட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஒருத்தரும் எடுக்கல. அதைத்தான் போட்டிருக்கோம். இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டுங்க."

"என்னிக்குக் கூப்பிட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை."

நிற்க இடமில்லாத அந்த அறை அவள் கண்முன் வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பழைய போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை காது கேக்காதவங்க கூடுற நாள் சார்."

"தெரியுமே. நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்தால் வழக்கமாக அழுகைதான் முந்திக்கொண்டு வரும். அன்றைக்கு வரவில்லை. நேராகத் தன் இடத்துக்கு வந்து, நின்றபடியே நாளிதழ் அலுவலகத்தின் எண்ணைச் சுழற்றினாள். "அந்த ஏழு சங்க அறிக்கை விஷயமாப் பேசுறேன்" என்று அவள் ஆரம்பித்ததும் சுற்றியிருந்த தலைகள் நிமிர்ந்தன. இயக்குநர் வேகமாக வந்து விரலை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

"இது ஆபீஸ் போன். உங்க சொந்த விஷயத்துக்கு இல்ல."

"சொந்த விஷயம்தான் சார். என் காதால கேட்ட பதிலை இல்லைன்னு ஆக்கியிருக்கீங்க."

"வீட்டுல யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க. அம்மாவை வேற வச்சுக் காப்பாத்துறீங்க."

அம்மாவை ஏன் இழுத்தார்? அதுவரைக்கும் கொஞ்சம் மிச்சமிருந்த மரியாதையும் அதோடு தீர்ந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கைபேசியில் அதே எண்ணை அழைத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினாள். செவ்வாய்க்கிழமை அழைத்தது, பதில் வந்தது, வெள்ளிக்கிழமையைத் தேடிப்பிடித்தது, ஒன்று விடவில்லை.

எதிர்முனையில் இருந்த உதவி ஆசிரியர் தயங்கினார். "இதுக்கு ஆதாரம்?"

"நான்தான் ஆதாரம். என் பேரைப் போட்டுக்குங்க. அங்க வேலை பார்த்தேன்னு போடுங்க. பார்க்கிறேன்னு போட்டுடாதீங்க."

அவர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். "சரிங்க. நாளைக்கு உள்பக்கத்துல சின்னதா ஒரு மறுப்பு போட்டுடலாம்."

"எதுக்குச் சின்னதா? முதல் பக்கத்துல பெரிசாத்தானே போட்டீங்க? ஓனர் பார்த்தது முதல் பக்கத்தைத்தான்."

"அது என் கையில இல்லைங்க. ஆசிரியர் முடிவு பண்ணணும்."

"அவரைக் கூப்பிடுங்க."

"மீட்டிங்ல இருக்கார். நீங்க வச்சுட்டு அப்புறமா…"

"வைக்க மாட்டேன். அவர் வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்" என்றாள் அவள்.