காலிக் கட்டங்களை எடுத்தது நான்தான்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. திண்டிவனத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டர். அனந்தபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு வந்து நின்றார் அஞ்சலை அம்மா. கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், வியாழன் என்று வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர்.

நர்ஸ் சுமதி கம்ப்யூட்டரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லியேம்மா."

"இல்லியா? திங்கக்கெழம இதே பெட்டுலதானே படுத்துக்கினு இருந்தேன்? நீதானேம்மா ஊசி போட்ட?"

"நான்தான் போட்டேன். லிஸ்ட்ல இல்லாதவங்களுக்கு பெட் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர். விழுப்புரத்துல நம்ம டிரஸ்ட் ஆபீஸ் போய் சரி பண்ணிக்கினு வந்துடுங்க."

போனார். அங்கே என்ன சொன்னார்கள்? "உங்க பேரு இங்க இருக்கும்மா. பெட்டு விஷயம் திண்டிவனத்துலதான் கேக்கணும்."

சண்டை போடத் தெரியாத மனுஷி. வீங்கிய காலோடு வீட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலை மூச்சு முட்டி, 108-ல் ஏற்றி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் பிழைத்தார்.

சரி, அவர் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்த புண்ணியவான் யார்?

நான்தான்.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த சென்டருக்கு புரோகிராம் எழுதியதும் நானே. விழுப்புரம் ஆபீஸில் ஒரு டேபிள், அதாவது கட்டம் போட்ட பட்டியல் — நோயாளியின் பெயர், ஊர், ரத்த குரூப். திண்டிவனத்தில் இன்னொரு டேபிள் — யாருக்கு எந்தக் கிழமை, எந்த பெட். இரண்டையும் போன் நம்பரை வைத்துச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சேர்ப்பதில் வகைகள் உண்டு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு லிஸ்ட், பெண் வீட்டில் ஒரு லிஸ்ட் போடுகிறோம் இல்லையா? இரண்டு லிஸ்டிலும் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் பத்திரிகை என்றால் அது இன்னர் ஜாயின். எதில் பெயர் இருந்தாலும் சரி, எல்லோரையும் கூப்பிடு என்றால் ஃபுல் ஜாயின். இதில் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். என்ன... ஒரு பக்கம் மட்டுமே இருப்பவர்களுக்கு மறுபக்கக் கட்டங்கள் காலியாக நிற்கும்.

நான் முதலில் எழுதியது ஃபுல் ஜாயின்தான். சத்தியமாக.

டிரஸ்ட் மேனேஜர் பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்ன சார், பொத்தல் பொத்தலா இருக்குது? டிரஸ்டிங்க பாக்கற லிஸ்ட் சார் இது. நீட்டா பண்ணிக் குடுங்க, ஜல்தி."

அதே லிஸ்ட்தான் திண்டிவனத்து நர்ஸின் கம்ப்யூட்டரிலும் ஓடும். காலிக் கட்டம் போனால் அந்தக் கட்டத்துக்குரிய ஆளும் போய்விடுவார். எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். தெரியும். ஆனால் அது புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆளை எதிர்த்துப் பேச அலுப்பு. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்: ஃபுல் போய் இன்னர் வந்தது. லிஸ்ட் பளிச்சென்று ஆனது. மேனேஜர் "சூப்பர் சார்" என்றார். நானும் சிரித்தேன்.

அஞ்சலை அம்மா முண்டியம்பாக்கத்தில் கிடக்கும் செய்தி வந்த பிறகு பழைய சொல்லைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். காணாமல் போயிருந்தவர்கள் பதினோரு பேர். மற்ற பத்துப் பேரும் கத்தியோ கெஞ்சியோ எப்படியோ பெட் வாங்கியிருக்கிறார்கள். பதினோரு பேரில் ஒருவர்கூட சொந்தமாக போன் வைத்திருப்பவர் இல்லை. தெருவில் அந்த மாதம் யார் போனில் ரீசார்ஜ் இருக்கிறதோ, அந்த நம்பரைத்தான் கொடுப்பார்கள். விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் வேறொன்று. மாதச் சம்பளம் வாங்கி, பத்து வருஷம் ஒரே நம்பரை வைத்திருப்பவன் எழுதிய புரோகிராமில் இவர்களுக்கு இடம் ஏது?

யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "சிஸ்டம் மேல தப்பே இல்ல சார். இந்த ஜனங்க ஒரு நம்பர ஒழுங்கா குடுத்தா போதும்." சுமதியிடம் விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். லிஸ்டில் இல்லாதவருக்கு பெட் கொடுக்காதே என்று அவருக்கு ஆர்டர் போட்டவர்களே கேட்டு வாங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதவே.

அடுத்த வாரம் திண்டிவனம் போயிருந்தேன். அஞ்சலை அம்மா வந்திருந்தார். கம்ப்யூட்டர் சார் நான்தான் என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். எழுந்து என்னிடம் வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு போன் நம்பர்.

"நான்தான் சார் தப்பு பண்ணிட்டேன். புள்ள சிம்ம மாத்திட்டான், பக்கத்து வூட்டு நம்பரக் குடுத்துட்டேன். என்னால உங்களுக்கெல்லாம் பேஜாரா பூடுச்சி. மனசுல வச்சிக்காதீங்க சார்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பரவால்லம்மா" என்றேன். "இனிமே சரியா குடுங்க."